தவளையின் கண்ணைத் திருப்பி வைத்த விஞ்ஞானி: மூளைக்கு 'ஒயரிங்' போடுவது யார்? ரோஜர் ஸ்பெர்ரியின் கதை

ஒரு தவளையின் கண்ணை அதே குழிக்குள் தலைகீழாகத் திருப்பி வைத்தால் என்ன ஆகும்?

கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா? 1940களில் முப்பது வயதை ஒட்டிய ஒரு அமெரிக்க விஞ்ஞானி இதை சீரியஸாகவே கேட்டார். செய்தும் பார்த்தார். தவளைக்கும், அதன் உறவுக்கார உயிரினமான நியூட்டுக்கும் கண்ணை 180 டிகிரி சுற்றி வைத்தார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பையும் வெட்டிவிட்டார்.

இந்த உயிரினங்களுக்கு நமக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வெட்டுப்பட்ட பார்வை நரம்பு அவற்றுக்குத் திரும்ப வளரும். அப்படியே வளர்ந்தது, பார்வையும் வந்தது. ஆனால் தலைக்கு மேலே ஈயைக் காட்டினால் தவளை கீழே பாய்ந்து மண்ணைக் கவ்வியது. முன்னால் காட்டினால் பின்பக்கம் திரும்பியது. பசியோடு எத்தனை முறை ஏமாந்தாலும் அது திருந்தவே இல்லை.

அந்த விஞ்ஞானி ரோஜர் ஸ்பெர்ரி. வலது மூளை, இடது மூளை என்று இன்று ரீல்ஸ் வரைக்கும் வந்துவிட்ட பேச்சுக்குப் பின்னால் இருப்பவரும் இவர்தான். நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். ஆனால் அந்தத் தவளை கிளப்பிய கேள்வி அதைவிடப் பழையது, ஒருவகையில் அதைவிடப் பெரியது. கோடிக்கணக்கான நரம்பு செல்கள் கருவில் வளரும்போது, எது எதோடு இணைய வேண்டும் என்பது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

இலக்கியம் படித்தவர், ஆய்வகத்துக்கு வந்தது எப்படி?

ஸ்பெர்ரி பிறந்தது 1913 ஆகஸ்ட் 20, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். ஸ்பெர்ரிக்கு 11 வயது இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா ஒரு உயர்நிலைப் பள்ளியில் முதல்வரின் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு மகன்களையும் வளர்த்தார்.

ஸ்காலர்ஷிப்பில் ஓபர்லின் கல்லூரிக்குப் போன ஸ்பெர்ரி எடுத்த பாடம் ஆங்கில இலக்கியம். கூடவே பேஸ்கட்பால் அணியின் கேப்டன். பிறகு மூளையின் வரைபடத்தையே மாற்றப்போகிறவர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திருப்பம் வந்தது ஒரு உளவியல் வகுப்பில். ரேமண்ட் ஸ்டெட்சன் என்ற பேராசிரியர் எடுத்த அறிமுகப் பாடம் அது. ஸ்டெட்சனுக்கு நடப்பதில் சிரமம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவரைக் காரில் கூட்டிப்போகும் வேலை ஸ்பெர்ரிக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் பேராசிரியர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இலக்கியத்தில் 1935இல் பட்டம் வாங்கியவர், அதே கல்லூரியில் 1937இல் உளவியலில் எம்.ஏ. முடித்தார். அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழகம், விலங்கியலில் பிஎச்.டி.

அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பால் வைஸ். வியன்னாவில் பிறந்தவர், அந்தத் துறையில் பெரிய பெயர்.

குருவின் தியரி

வைஸ் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: நரம்புகள் வளரும்போது குறிப்பிட்ட முகவரி எதையும் தேடிப் போவதில்லை. எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே போய் இணைகின்றன. சாலமண்டருக்குக் கூடுதலாக ஒரு காலை ஒட்டவைத்துப் பார்த்திருந்தார் வைஸ். அந்தப் புதுக் கால், பக்கத்தில் இருந்த பழைய காலோடு சேர்ந்தாற்போல் அசைந்தது. நரம்பு தாறுமாறாக இணைந்திருந்தும் கால் சரியாக வேலை செய்கிறதே, எப்படி? மூளை ரேடியோ ஸ்டேஷன் போல எல்லோருக்கும் சேர்த்து ஒலிபரப்புகிறது, ஒவ்வொரு தசையும் தனக்கான அலைவரிசையை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்பது வைஸின் விளக்கம்.

இதை ஒட்டி இன்னொரு நம்பிக்கையும் அப்போது பரவலாக இருந்தது. நரம்பு என்பது வெறும் ஒயர். எதை எதோடு மாட்டினாலும், பழகப் பழக மூளை சரிசெய்துகொள்ளும்.

இது பேப்பரில் மட்டும் இருந்த விஷயம் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் வரை போயிருந்தது. முகத்து நரம்பு சேதமானவர்களுக்கு, தோள்பட்டைக்குப் போகும் நரம்பை வெட்டி முகத்தில் இணைத்தார்கள். பயிற்சி கொடுத்தால் சிரிப்பு இயல்பாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. தோளைத் தூக்கும்போதெல்லாம் முகம் கோணியது. இரண்டாம் உலகப் போர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கை, கால் நரம்புகள் அறுபட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் வரப்போகிறார்கள். அவர்களிடம் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லலாமா, கூடாதா? தியரி தப்பாக இருந்தால் அதன் விலையை நோயாளிதான் கொடுக்க வேண்டும்.

ஸ்பெர்ரி எலிகளை எடுத்துக்கொண்டார். பின்னங்காலை மடக்கும் தசைக்கும் நீட்டும் தசைக்கும் போகும் நரம்புகளை வெட்டி, இடம் மாற்றி இணைத்தார். காலைத் தூக்க நினைத்தால் அது இறங்கியது, இறக்க நினைத்தால் ஏறியது. எவ்வளவு பயிற்சி கொடுத்தும் எலி அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்து உணர்வு நரம்புகள். இடது பாதத்துக்கும் வலது பாதத்துக்குமான நரம்புகளை மாற்றிக் கோர்த்தார். வலது காலில் ஷாக் கொடுத்தால் எலி இடது காலைத் தூக்கியது. ஒரு காலில் புண் வந்தபோது, நல்ல காலைத் தூக்கிக்கொண்டு, புண்பட்ட காலையே தரையில் ஊன்றி நொண்டியது.

படிக்கச் சங்கடமான சோதனைகள்தான். இன்றைய விலங்கு ஆய்வு விதிகளின் கீழ் இவற்றில் பலவற்றுக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. ஆனால் முடிவு பளிச்சென்று இருந்தது: நரம்பு சாதாரண ஒயர் இல்லை, பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடாது. 1941இல் ஸ்பெர்ரிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தபோது, வழிகாட்டியின் அடிப்படை நம்பிக்கைக்கு எதிரான ஆதாரம் அவர் கையில் இருந்தது.

போர்க்காலத்தில் அரசின் நரம்புக் காய ஆய்வுத் திட்டத்திலும் வேலை பார்த்தார். 1945இல், நரம்பு மாற்று அறுவை சிகிச்சைகள் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் அலசி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பயிற்சியால் சரியாகும் என்ற வாக்குறுதிகளில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

சரி, தவளைக்கு வருவோம்

அடுத்து ஸ்பெர்ரி சேர்ந்தது கார்ல் லாஷ்லியிடம். முதலில் ஹார்வர்டு, பிறகு ஃபுளோரிடாவில் உள்ள ஆரஞ்சு பார்க் ஆய்வகம். கண்ணைத் திருப்பும் சோதனைகள் வெளிவந்தது இந்தக் காலத்தில்தான். நியூட் பற்றியது 1943இல், தவளைகள் பற்றியது அடுத்த ஆண்டில்.

அந்தச் சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. வெட்டிய பார்வை நரம்பில் லட்சக்கணக்கான இழைகள் இருக்கும். அவை மூளைக்குள் திரும்ப வளரும்போது இரண்டில் ஒன்று நடக்கலாம். கண்டபடி இணைந்து, பிறகு அனுபவத்தால் ஒழுங்காகலாம். அப்படியானால் கண் எப்படி இருந்தாலும் தவளை சீக்கிரம் ஈயைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லை என்றால், ஒவ்வொரு இழையும் மூளையில் தன்னுடைய பழைய இடத்தையே தேடிப் போய் உட்காரலாம். அப்படியானால் திருப்பி வைத்த கண் கடைசி வரை தலைகீழ் உலகத்தைத்தான் காட்டும்.

நடந்தது இரண்டாவது. தவளைக்கு அந்த இணைப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உண்மையில் பட்டினிதான். அப்படியிருந்தும் இழைகள் பழைய முகவரிக்கே போயின. பயன் இருக்கிறதா, இல்லையா என்று நரம்பு பார்ப்பதே இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். மனிதர்கள் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சில நாள்களில் பழகிவிடுகிறார்களே? உண்மைதான். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890களிலேயே தன் மீதே இதைச் சோதித்துப் பார்த்தார். ஆனால் அங்கே கண்ணுக்கும் மூளைக்குமான ஒயரிங் மாறுவதில்லை. வரும் படத்துக்கு ஏற்றபடி கையையும் காலையும் நகர்த்த மூளை கற்றுக்கொள்கிறது. தவளையின் மூளைக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அடியில் இருக்கும் ஒயரிங்கைப் பார்க்க அது நல்ல ஜன்னலாக அமைந்தது.

பின்னாளில் ஸ்பெர்ரியின் ஆய்வகத்தில் ஒரு மாணவி இதே விஷயத்தைத் தோலில் செய்து காட்டினார். தலைப்பிரட்டையின் முதுகுத் தோலில் ஒரு துண்டை வெட்டி வயிற்றில் ஒட்டினார், வயிற்றுத் தோலை முதுகில். அது வளர்ந்து தவளையானதும் வயிற்றில் தொட்டால் முதுகைத் துடைத்தது. முதுகுத் தோல் எங்கே போனாலும் முதுகுத் தோல்தான், அதைத் தொட்ட நரம்புக்கு அது தெரிந்திருக்கிறது!

பார்க்காத மூலக்கூறின் மேல் ஒரு பந்தயம்

இதற்கெல்லாம் ஸ்பெர்ரி சொன்ன விளக்கம்: ஒவ்வொரு நரம்பு செல்லின் மேற்பரப்பிலும் ஏதோ ஒரு வேதியியல் அடையாளம் இருக்கிறது. வளரும் இழையின் நுனி வழியில் பார்க்கும் செல்களை எல்லாம் தொட்டுத் தடவி, தனக்குப் பொருந்தும் அடையாளம் உள்ள செல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு 'வேதிநாட்டக் கொள்கை' என்று பெயர் வந்தது.

அப்படி ஒரு மூலக்கூறை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஸ்பெர்ரியும் பார்க்கவில்லை. தவளை நடந்துகொள்வதை வைத்து, இருந்தே ஆக வேண்டும் என்று அவர் போட்ட கணக்குதான் எல்லாம்.

1946இல் சிகாகோவுக்குத் திரும்பினார். 1949 அவர் வாழ்க்கையில் ஒரு கலவையான ஆண்டு. நார்மா டியூப்ரீயோடு திருமணம் நடந்ததும் அந்த ஆண்டில்தான், காசநோய் இருப்பது தெரியவந்ததும் அந்த ஆண்டில்தான். நியூயார்க் மாநிலத்தில் அடிரோண்டாக் மலைப்பகுதியில் இருக்கும் சாரனாக் லேக்குக்குச் சிகிச்சைக்குப் போனார். ஆய்வகம் இல்லாத அந்த மாதங்களில் மூளைக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு என்று யோசித்து எழுதத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க அவரை விடாத கேள்வி அது.

1954இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் அவரைப் பேராசிரியராக அழைத்தது. கடைசி வரை அங்கேதான். போன கொஞ்ச காலத்திலேயே இன்னொரு பிரபல தியரியைக் கையில் எடுத்தார். நாம் ஒரு வடிவத்தைப் பார்க்கும்போது மூளை முழுவதும் பரவும் மின்புலம்தான் அதை அடையாளம் காண்கிறது என்று உளவியலில் ஒரு கருத்து இருந்தது. பூனைகளின் பார்வைப் புறணியில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடுகளையும், மின்சாரத்தைக் கடத்தும் டாண்டலம் கம்பிகளையும் செருகிப் பார்த்தார் ஸ்பெர்ரி. மின்புலம்தான் எல்லாம் என்றால் பூனைக்கு வடிவங்கள் குழம்ப வேண்டும். பெரிதாக ஒன்றும் குழம்பவில்லை.

1963இல் தங்கமீன் சோதனை வந்தது. டொமெனிகா அட்டார்டியோடு சேர்ந்து செய்தது. தங்கமீனின் விழித்திரையில் ஒரு பாதியை எடுத்துவிட்டு, பார்வை நரம்பையும் வெட்டினார்கள். மிச்சமிருந்த பாதியிலிருந்து இழைகள் வளர்ந்து மூளைக்குள் போயின. வழியில் காலி இடங்கள் நிறைய. கிடைத்த இடத்தில் உட்காரும் ஆசாமிகள் என்றால் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். இழைகள் அந்தக் காலி இடங்களைத் தாண்டிப் போய், தங்களுக்கு உரிய பகுதியில் மட்டும் இணைந்தன. ரிசர்வேஷன் செய்த ஆள், காலியாகக் கிடக்கும் பெட்டிகளைக் கடந்து தன் சீட்டுக்கே நடந்து போவது மாதிரி.

அந்த ஆண்டில் எழுதிய கட்டுரையில் ஸ்பெர்ரி ஒரு முக்கியமான திருத்தத்தையும் சேர்த்தார். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி லேபிள் வேண்டும் என்றில்லை. ஒரு பொருள் மூளையின் ஒரு ஓரத்தில் அதிகமாகவும் மறு ஓரத்தில் குறைவாகவும் படிப்படியாகப் பரவியிருக்கலாம். அதற்குக் குறுக்காக இன்னொரு பொருள். இந்த இரண்டின் அளவையும் சேர்த்துப் பார்த்தால், அட்சரேகை, தீர்க்கரேகை மாதிரி ஒரு இடம் கிடைத்துவிடும்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. 1970களில் எதிர்ச் சோதனைகள் வரிசையாக வந்தன. மூளையின் பார்வைப் பகுதியில் பாதியை எடுத்துவிட்டால், முழு விழித்திரையின் இழைகளும் மிச்சமுள்ள பாதிக்குள் சுருங்கி, வரிசை தப்பாமல் அமர்ந்துகொண்டன. முகவரி அவ்வளவு கறாரானது என்றால் இது நடக்கக் கூடாது. இந்த விஷயத்தில் எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்விதான்.

அதற்குள் ஸ்பெர்ரி வேறு பக்கம் போய்விட்டார். கடுமையான வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றையை வெட்டிக்கொண்ட நோயாளிகளை அவரது குழு 1960களில் சோதித்தது. ஒரு பாதி பார்த்தது மறு பாதிக்குத் தெரியவில்லை. அது தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. அதற்காக 1981இல் மருத்துவ நோபலில் பாதி ஸ்பெர்ரிக்கு, மறு பாதி டேவிட் ஹூபெலுக்கும் டோர்ஸ்டன் வீசலுக்கும் கிடைத்தது.

அந்த 'அட்ரஸ்' எப்படி இருக்கும்?

ஸ்பெர்ரி விட்டுப்போன கேள்வியை மூலக்கூறு உயிரியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுவாரஸ்யமாக, முதல் பெரிய கண்டுபிடிப்பைச் செய்த ஆள் நரம்பியலில் இருந்து வந்தவரே இல்லை.

ஜெரால்டு எடல்மேன், ஆன்டிபாடிகளின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 1972இல் நோபல் வாங்கியவர். பிறகு, கோழிக் கருவின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று எதனால் ஒட்டிக்கொள்கின்றன என்று தேடத் தொடங்கினார். 1970களின் பிற்பகுதியில் அவர் குழுவிடம் ஒரு புரதம் சிக்கியது. பெயர் என்-கேம். செல் ஒட்டு மூலக்கூறுகள் என்ற பெரிய குடும்பத்தில் முதன்முதலில் பிடிபட்டவற்றில் ஒன்று.

பின்னர் அதன் அமைப்பு தெரியவந்தபோது ஒரு ட்விஸ்ட் காத்திருந்தது. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்-கேம், கோர்த்த மணிமாலை மாதிரி இருக்கும். நுனியில் ஐந்து மணிகள், அதற்கடுத்து வேறு வகையில் இரண்டு மணிகள், பிறகு செல் சவ்வு. அந்த முதல் ஐந்து மணிகளின் மடிப்பு ஆன்டிபாடியில் இருக்கும் அதே இம்யூனோகுளோபுலின் மடிப்பு. கிருமியை அடையாளம் காணும் புரதமும், பக்கத்து செல்லை அடையாளம் காணும் புரதமும் ஒரே குடும்பத்து ஆட்கள்! எடல்மேன் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பி, அதன் பின்வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தார்.

ஒரு செல்லின் என்-கேம், அடுத்த செல்லின் என்-கேமைப் பிடித்துக்கொள்ளும். ஒரே வகை இரண்டும் கைகுலுக்குவது போல. இதற்கு ஒரு கன்ட்ரோலும் இருக்கிறது. ஐந்தாவது மணியில் பாலிசியாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். இவை எதிர்மின்னூட்டம் கொண்டவை, தண்ணீரைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்பவை. சங்கிலி அதிகமாக இருந்தால் இரண்டு செல்களும் நெருங்கவே முடியாது, பிடி தளர்ந்துவிடும். கருவில் செல்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய காலத்தில் இந்தச் சங்கிலிகள் அதிகம். வளர்ந்த மூளையில் பெரும்பாலான இடங்களில் குறைந்துவிடும். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் மாதிரி சில பகுதிகளில் மட்டும் மிச்சம் இருக்கும்.

எடல்மேனுக்கு ஸ்பெர்ரியின் கொள்கை பிடிக்கவில்லை என்பது கதையின் இன்னொரு பக்கம். ஏராளமான லேபிள்கள் தேவையில்லை, சில வகை ஒட்டு மூலக்கூறுகளே போதும், அவற்றின் அளவையும் பிடியையும் கூட்டிக் குறைத்தாலே உடல் வடிவம் பெறும் என்பது அவர் கட்சி.

அதே காலத்தில் ஜப்பானின் கியோட்டோவில் மசாதோஷி தகெய்ச்சி வேறொரு வகையைக் கண்டுபிடித்தார்: கேட்ஹெரின். இதிலும் வெளியே ஐந்து மணிகள். ஆனால் இங்கே விஷயமே கால்சியம்தான். மணிக்கும் மணிக்கும் நடுவே கால்சியம் அயனிகள் உட்கார்ந்தால் மாலை விறைப்பாக நிற்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் துவண்டுபோய்விடும், செல்கள் பிரிந்துவிடும். நுனி மணியில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் துருத்திக்கொண்டிருக்கும். அது எதிர் செல்லின் கேட்ஹெரினில் உள்ள சின்னப் பள்ளத்துக்குள் போய்ப் பொருந்தும். எதிரில் இருப்பதும் அதையே திருப்பிச் செய்யும். சட்டைப் பொத்தானும் துளையும் இரண்டு பக்கமும் இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

எல்-1 என்று இன்னொன்று. ஆன்டிபாடி வகை மணிகள் ஆறு, இரண்டாவது வகை ஐந்து. இதற்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை வந்தால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, மூளையில் நீர் கோர்ப்பது, கால்கள் விறைப்பது, அறிவு வளர்ச்சி தடைபடுவது என்று பல பிரச்சினைகள் வரும். ஒரு புரத மாலையில் ஒரு மணி கோணலாக இருந்தால் ஒரு குழந்தையின் நடையே மாறிவிடுகிறது. நரம்பு சந்திப்பின் இரு பக்கமும் நின்று கைகோர்க்கும் நியூரெக்சின், நியூரோலிஜின் என்ற ஜோடியில் வரும் ஜீன் மாற்றங்களுக்கும், சிலருக்கு ஏற்படும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பது 2000களில் தெரியவந்தது.

ஓராண்டு தாமதமாக வந்த பதில்

சரி, இவை எல்லாம் பசை. ஸ்பெர்ரி சொன்ன முகவரி எங்கே?

1980களில் ஜெர்மனியின் டூபிங்கனில் ஃபிரெட்ரிக் போன்ஹோஃபர் குழு எளிமையான ஒரு சோதனையைக் கண்டுபிடித்தது. கோழிக் கருவின் மூளையில் பார்வை இழைகள் போய்ச் சேரும் பகுதியின் முன்பக்கத்துச் செல் சவ்வையும், பின்பக்கத்துச் செல் சவ்வையும் மாற்றி மாற்றிக் கோடுகளாகப் பரப்பினார்கள், வரிக்குதிரை மாதிரி. அதன் மேல் விழித்திரை இழைகளை வளரவிட்டார்கள். விழித்திரையின் வெளிப்பாதியிலிருந்து வந்த இழைகள் முன்பக்கக் கோட்டில் மட்டும் ஓடின, பின்பக்கக் கோட்டை மிதிக்கவே இல்லை. ஆனால் அதற்குக் காரணம் முன்பக்கத்தின் ஈர்ப்பு இல்லை. பின்பக்கத்தில் ஏதோ ஒன்று அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஏதோ ஒன்றின் பெயர் எஃப்ரின். போன்ஹோஃபர் குழுவும், ஹார்வர்டில் ஜான் ஃபிளானகன் குழுவும் தனித்தனியாகத் தேடி, 1995இல் ஒரே இதழில் அடுத்தடுத்து அறிவித்தார்கள். மூளையின் பார்வைப் பகுதியில் எஃப்ரின் முன்னால் குறைவு, பின்னால் போகப்போக அதிகம். விழித்திரை இழைகளில் அதை உணரும் ஏற்பி மூலக்கூறும் அதேபோல் ஏற்ற இறக்கமாகப் பரவியிருக்கிறது. ஏற்பி அதிகம் உள்ள இழை சீக்கிரமே நின்றுவிடும், குறைவாக உள்ளது தள்ளிப் போகும். 1963இல் ஸ்பெர்ரி தாளில் வரைந்த அதே படிப்படியான பரவல். ஒரே ஒரு வித்தியாசம்: அவர் நாட்டம் என்றார், இயற்கை பெரும்பாலும் விரட்டலைப் பயன்படுத்தியிருந்தது. அளவு ஏறி இறங்கும் பரவல் என்பதால், பாதி மூளைக்குள் முழு விழித்திரையும் சுருங்கி உட்கார்ந்த அந்த 1970களின் புதிருக்கும் இடம் கிடைத்தது. முகவரி என்பது கதவு எண் இல்லை, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு நீ முன்னாலா பின்னாலா என்பதுதான்.

ஸ்பெர்ரி இதைப் பார்க்கவில்லை. கடைசி ஆண்டுகளில் தசைகளையும் நரம்புகளையும் தின்னும் நோய் ஒன்று அவரை முடக்கியிருந்தது. 1994 ஏப்ரல் 17, பாசடேனாவில் தன் 80வது வயதில் இறந்தார். எஃப்ரின் அறிவிப்பு வந்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில்.

தனித்தனி லேபிள் என்ற அவருடைய பழைய யோசனையும் முழுக்க வீண்போகவில்லை. 2000இல் பழ ஈயில் டிஸ்கேம் என்ற ஒட்டு மூலக்கூறின் ஜீனைப் படித்தவர்கள் அசந்துபோனார்கள். அதன் மூன்று மணிகளுக்கு மாற்று வடிவங்கள் இருந்தன: ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 48, மூன்றாவதுக்கு 33. செல் சவ்வுக்குள் பதியும் பகுதிக்கு 2. பெருக்கிப் பாருங்கள்: 38,016. ஒரே ஜீனிலிருந்து இத்தனை வகைப் புரதங்கள்! மூன்று மணிகளும் அச்சாகப் பொருந்தினால்தான் ஒரு டிஸ்கேம் இன்னொன்றைப் பிடிக்கும். ஒவ்வொரு நரம்பு செல்லும் இதில் ஏதோ சிலவற்றை மட்டும் அணிந்துகொள்கிறது. அப்படிப் பிடித்த அடுத்த கணம் இரண்டு கிளைகளும் விலகிவிடும். ஏனென்றால் அச்சாகப் பொருந்தினால் அது நம் கிளையேதான், வேறு செல் இல்லை. மனிதர்களில் இதே வேலைக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்ட புரோட்டோகேட்ஹெரின்கள் கலவையாகப் பயன்படுகின்றன.

ஸ்பெர்ரியின் கேள்வி இப்போது மருத்துவமனைக்கும் வந்துவிட்டது. 2023 மே மாதம் நியூயார்க்கில் உலகிலேயே முதல்முறையாக ஒருவருக்கு முழுக் கண்ணும் மாற்றிப் பொருத்தப்பட்டது. கண்ணுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, விழித்திரை ஒளிக்கு மின் சிக்னல் கொடுக்கிறது என்று டாக்டர்கள் அடுத்த ஆண்டு தெரிவித்தார்கள். பார்வை மட்டும் வரவில்லை. மனிதர்களின் பார்வை நரம்பு தவளையுடையதைப் போலத் திரும்ப வளர்வதில்லை. மருந்தோ மரபணு சிகிச்சையோ கொடுத்து வளரவைத்தாலும், ஒரு கண்ணிலிருந்து கிளம்பும் சுமார் பத்து லட்சம் இழைகளும் வளர்ந்து முடிந்த ஒரு மூளைக்குள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். எலிகளில் அதற்கான ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.